சீட்டு ஒட்டாத விளம்பரம்

குகட்பள்ளி, ஹைதராபாத்
8 ஜனவரி 2024

அன்புள்ள தம்பி தேவசகாயத்துக்கு, அக்கா ஸ்டெல்லா எழுதுவது.

புது வருஷ வாழ்த்து. கர்த்தர் கிருபையால் நான் சுகம். மூன்றாம் மாடி ஏறினால் முழங்கால் முனகுகிறது. அதை நான் மதிப்பதில்லை. திருச்சியில் நீயும் எலிசபெத்தும் சுகமா? அவளுடைய சர்க்கரை அடங்கி நடக்கிறதா?

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்டிருந்தாய். உன் மகன் சுனில் வாங்கிக் கொடுத்த பெரிய போனை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒருநாள் காலையில் ஞானப்பாட்டு கேட்கலாம் என்று அதைத் திறந்தேன். இரண்டு அடி பாடுவதற்குள் ஒருத்தி குறுக்கே வந்து கழிப்பறை கழுவும் திரவத்தை நீட்டினாள். ஆண்டவருக்கும் எனக்கும் நடுவில் கழிப்பறைத் திரவம்! அன்றோடு சரி. கடிதத்தில்தான் பாதி வாக்கியத்தில் எவனும் நுழைந்து எதையும் விற்பதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது எப்படிப் போகிறது என்றும் கேட்டிருந்தாய். கேட்டாய் அல்லவா, அனுபவி.

எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் விளம்பரங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஏறும்போது முடி வளரும் எண்ணெய். இறங்கும்போது அதே எண்ணெய். "இருபத்தொரு நாளில் புதிய முடி." ஒரு மாதம் பொறுத்தேன். முப்பத்தாறு வருஷம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள் நான். திருகாணியில் மரை மயிரிழை பிசகினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிய கை இது. அந்தக் கைக்கு முன்னால் தினமும் நான்கு தடவை ஒரு பொய்யை நீட்டினால் சும்மா இருக்குமா? சிவப்புத் தாள் வாங்கி, எங்கள் பழைய படிவத்தை அப்படியே கோடு போட்டு, தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதி விளம்பரத்தின் மேலேயே ஒட்டிவிட்டேன். உனக்குத் தமிழில் தருகிறேன்:

நிராகரிப்புச் சீட்டு
பொருள்: முடி எண்ணெய்.
சொல்லிக்கொள்வது: இருபத்தொரு நாளில் புதிய முடி.
சோதனை: நம் சங்கச் செயலாளர் பிரசாத் ராவ் நான்கு மாதமாகத் தேய்த்து வருகிறார்.
கண்டது: தினமும் லிஃப்டில் எல்லோரும் காண்கிறோம்.
முடிவு: ஏற்பதற்கில்லை.

மறுநாள் பிரசாத் ராவ் கதவைத் தட்டினார். தலையில் தொப்பி. "எந்துக்கு மேடம், ஈ கோல?" என்றார். எதற்கு இந்தக் கூத்து என்கிறார். "எண்ணெய்க்காரனைக் கேளுங்கள், அவன்தான் ஆரம்பித்தான்" என்றேன். விளம்பரக்காரன் தரும் வாடகையில்தான் லிஃப்டுக்கு மின்சாரம் ஓடுகிறதாம். நான் படியேறிக் கொள்கிறேன் என்றேன். முழங்கால் முனகுவது அதனால்தான்.

எலிசபெத்துக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா,
ஸ்டெல்லா


பொன்மலை, திருச்சி
24 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பியின் வாழ்த்துகள்.

இங்கே எல்லோரும் சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. வீட்டில் பழைய தபால் அட்டை ஒரு கட்டு கிடந்தது, அதில்தான் எழுதுகிறேன். இடம் போதாமல் இரண்டு அட்டை ஆகிவிட்டது.

உன் கடிதத்தை எலிசபெத் உரக்க வாசித்தாள். பிரசாத் ராவின் தொப்பி வந்ததும் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. அந்த எண்ணெயை அவள் போன மாதம்தான் வாங்கியிருந்தாள் என்பதை நான் உனக்கு எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். சீட்டை உன் கடிதத்திலிருந்து கத்தரித்து அடுக்களை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். இனி மதினி வேண்டாம் என்று எழுதுவதை வாங்குவதில்லையாம். "அப்போ மதினி சீட்டு ஒட்டாததை நம்பி வாங்கலாமான்னு கேளுங்க" என்கிறாள்.

எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. எங்கள் ரயில்வே பட்டறையிலும் அப்படித்தானே. சிவப்பு அடையாளம் இல்லையென்றால் வண்டி வெளியே போகும்.

சுனில் முன்போல் அடிக்கடி பேசுவதில்லை. மாதாப்பூரில் வேலை அதிகம் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறானா?

உன் தம்பி,
தேவசகாயம்


குகட்பள்ளி
12 பிப்ரவரி 2024

அன்புள்ள தம்பி,

நான் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் கேட்கவில்லை. உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

நீ எழுதிய அட்டையின் முன்பக்கத்தைப் பார்த்தாயா? அரைப்பக்கத்துக்குச் சோப்பு விளம்பரம். உன் அன்பு முழுவதும் சோப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. அட்டையில் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இங்கே வேலை தலைக்கு மேல். மெட்ரோ தூண்களில் ஒரு வீட்டுமனைக்காரன், "விமான நிலையத்திலிருந்து இருபது நிமிடம், ஏரி பார்த்த பால்கனி" என்று எழுதியிருந்தான். சோதிக்காமல் நான் எதையும் தள்ளுவதில்லை. விமான நிலையத்திலிருந்தே பஸ் ஏறிப் போனேன். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். அதுவும் ஓட்டுநர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். ஏரி இருந்தது, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்க்க முடிந்தது. "கண்டது: இருபது நிமிடத்தில் ஏரியின் வாடை மட்டும் வந்து சேரும்" என்று எழுதி எட்டுத் தூண்களில் ஒட்டினேன்.

அடுத்தது பயிற்சி நிலையங்கள். இந்த ஊரில் வானத்தை மறைப்பது மேகமல்ல, ராங்க் வாங்கிய பிள்ளைகளின் முகங்கள். ஒரு பெண், இரட்டைச் சடை, நெற்றியில் சின்ன வடு. அவள் ஒரு பலகையில் ஒரு நிலையத்தின் மாணவி. சாலையைக் கடந்தால் போட்டி நிலையத்தின் மாணவி. அதே வடு. "பொருள்: இரண்டு பேர் பெற்றதாகச் சொல்லும் ஒரே குழந்தை" என்று எழுதினேன். கல்லூரிப் பெண்கள் அதைப் படம் எடுத்துப் பரப்பிவிட்டார்களாம். இப்போது நாலைந்து இடத்தில் நான் ஒட்டாத சீட்டுகளும் இருக்கின்றன. வாட்ச்மேன் யாதய்யா காலையில் என்னைப் பார்த்ததும், "மேடம்காரு, ஈ ரோஜு ஏதி ரிஜெக்ட்?" என்று விசாரிக்கிறார். இன்று எதற்கு நிராகரிப்பு என்று.

இதையெல்லாம் நம்பி வாங்குகிற ஜனங்களை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏமாற்றுகிறவன் கூலிக்கு ஏமாற்றுகிறான். ஏமாறுகிறவன் காசு கொடுத்து ஏமாறுகிறான். இரண்டாமவன்தான் பெரிய முட்டாள்.

எலிசபெத் கேட்டதற்குப் பதில்: தாராளமாக வாங்கலாம் என்று சொல். என் கையைத் தாண்டிக் கெட்டது போனதில்லை.

சுனில் போன ஞாயிறு வந்தான். மீன்குழம்பு இரண்டு முறை போட்டுக்கொண்டான். அதிகம் பேசவில்லை.

உன் அக்கா,
ஸ்டெல்லா


மாதாப்பூர்
3 மார்ச் 2024

அத்தை,

சுகமா இருப்பீங்கன்னு நம்பறேன். ரெண்டு தடவை வந்தேன், நீங்க சீட்டு ஒட்டப் போயிருந்தீங்க. யாதய்யா கிட்ட இதைக் கொடுத்துட்டுப் போறேன். நேர்ல சொல்லத் தைரியம் இல்லைங்கறதும் உண்மை.

போன செப்டம்பர்ல சாப்ட்வேர் வேலை போயிடுச்சு. எங்க டீம் மொத்தமும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது. மூணு மாசம் தேடி, இப்ப ஒரு விளம்பரக் கம்பெனில வாசகம் எழுதற வேலை. தமிழ், தெலுங்கு ரெண்டும் தெரியும்னு எடுத்தாங்க.

உங்க தெருமுனை பஸ் ஸ்டாப்ல 'ஜீவமதுர சூரணம்'னு சர்க்கரை வியாதிப் பொடி விளம்பரம் வந்திருக்கு. "இனி ஊசிக்கு லீவு." அந்த வரி நான் எழுதினது. திருச்சில தமிழ்ல வர்றதும் என் வரிதான். எங்க கம்பெனிக்குக் கிடைச்ச பெரிய ஆர்டர் அது. உங்க சீட்டு ஒண்ணு ஒட்டினா போதும், நாளைக்கே படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிடுவாங்க. ஆர்டர் போனா புதுசா வந்த என்னைத்தான் முதல்ல அனுப்புவாங்க.

அதுக்கு மட்டும் ஒட்டாதீங்க அத்தை. அப்பாகிட்டயும் சொல்லாதீங்க. யாரும் அதைப் படிச்சு நிஜமா ஊசியை நிறுத்த மாட்டாங்க. எல்லாரும் விளம்பரம்னா விளம்பரம்னு தெரிஞ்சுதான் பார்க்கறாங்க.

உங்கள்
சுனில்


குகட்பள்ளி
5 மார்ச் 2024

சுனில்,

சுகமாக இரு. யாதய்யாவிடமே கொடுத்து வைக்கிறேன், வந்து வாங்கிக்கொள்.

வேலை போனதைச் சொல்ல வெட்கப்பட்டாய், இந்த வரியை எழுத வெட்கப்படவில்லை. உன் அம்மா பதினோரு வருஷமாகக் காலையும் மாலையும் வயிற்றில் குத்திக்கொள்கிற ஊசி அது. அதற்கு லீவு கொடுக்க நீ யார்? படித்தவுடன் சிவப்புத் தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பசை தடவியாகிவிட்டது. பிறகு திரும்பி வந்துவிட்டேன்.

ஒட்டவில்லை. மேலதிகாரி மாற்றல் போடுவதாக மிரட்டியபோதும் நீட்டிய கை, மருமகன் என்றதும் மடங்கிக்கொள்கிறது. தூ! ஆறு மாதம் தருகிறேன், அதற்குள் மனுஷன் செய்கிற வேலை ஒன்றைத் தேடிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. பட்டினி கிடந்து என் மேல் பழி போடாதே.

அத்தை


பொன்மலை, திருச்சி
20 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகம் அறிய ஆவல். சோப்பு அட்டையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன், இது நல்ல தாள், இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்.

எலிசபெத் கதவில் ஒட்டிய சீட்டுகள், நீ இடையில் அனுப்பியவற்றோடு சேர்த்து, ஒன்பது ஆகிவிட்டன. பக்கத்து வீட்டு வேதா டீச்சர் கடைக்குப் போகுமுன் வந்து படித்துவிட்டுப் போகிறார். எங்கள் கோயிலில்கூட உன் பெயர் அடிபடுகிறது. போதகர் மட்டும் தர்மசங்கடமாகச் சிரிக்கிறார். கன்வென்ஷன் நோட்டீஸில் அற்புத சுகம் என்று போட்டிருந்தோம்.

ஒரு சின்ன விஷயம். ஜீவமதுர சூரணம் என்று ஒரு பொடி, இங்கே பஸ்ஸில் எல்லாம் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊர்க் கம்பெனிதான். அந்த விளம்பரம் அங்கேயும் இருக்கிறதா? அதற்குச் சீட்டு ஒட்டினாயா? சும்மாதான் கேட்கிறேன். முடிந்தால் சீக்கிரம் எழுது.

சுனில் ஈஸ்டருக்கு வரமுடியாதாம். கம்பெனியில் லீவு இல்லையாம். பாவம், பிள்ளை உழைக்கிறான்.

உன் தம்பி,
தேவசகாயம்


குகட்பள்ளி
27 மார்ச் 2024

அன்புள்ள தம்பி,

உங்கள் இருவருக்கும் முன்கூட்டியே ஈஸ்டர் வாழ்த்து. நான் சுகம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதற்காக ஊரே குளிர்சாதன விளம்பரமாகிவிட்டது. ஒரு நடிகன் பனிக்கரடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். போவன்பள்ளிச் சந்தைக்குக் காய் வாங்கப் போனேன், மூட்டை தூக்குகிறவர்கள் அந்தப் பலகையின் நிழலில் படுத்திருந்தார்கள். "கண்டது: நிழல் மட்டும் உண்மை" என்று எழுதி ஒட்டினேன். அவர்களில் ஒருவர் எனக்குப் பாதி வெள்ளரிக்காய் கொடுத்தார். இந்த வருஷம் விளம்பரத்தால் ஒருவருக்குக் கிடைத்த நன்மை அந்த நிழல்தான்.

மாம்பழச்சாறு டப்பா ஒன்றைச் சோதித்தேன். மாம்பழத்தை அது படத்தில் பார்த்திருக்கலாம்.

நீ கேட்ட சூரணத்தின் விளம்பரம் இங்கேயும் இருக்கிறது. அதற்குச் சீட்டு ஒட்டவில்லை.

பிரசாத் ராவ் என் மேல் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறாராம். கொண்டுவரட்டும், படிவம் என்னிடம் நிறைய இருக்கிறது. சுனிலுக்கு வேலை அதிகம்தான். நீ அவனை ஒன்றும் கேட்டுத் தொந்தரவு செய்யாதே.

உன் அக்கா,
ஸ்டெல்லா


பொன்மலை, திருச்சி
15 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஈஸ்டர் முடிந்து வந்து சேர்ந்தது. சந்தோஷம். மிகவும் நன்றி. எதற்கு நன்றி என்று கேட்காதே, எலிசபெத் தானே ஒருநாள் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். உனக்கு ஆச்சரியமாக இருக்க வேண்டுமாம்.

அவள் இப்போது உற்சாகமாக இருக்கிறாள். காலையில் அடுக்களையில் பாட்டுச் சத்தம் கேட்கிறது. பிரிட்ஜ் கதவில் இடம் கிடைத்திருக்கிறது, அங்கே ஊறுகாய்ப் பாட்டிலை வைத்திருக்கிறோம்.

வெயிலில் அலையாதே. குடை எடுத்துக்கொண்டு போ.

உன் தம்பி,
தேவசகாயம்


குகட்பள்ளி
10 ஜூன் 2024

தம்பி,

நான் சுகம். நீங்கள் சுகமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, தெரிய வேண்டும் என்று கேட்கிறேன். மே மாதம் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. யாதய்யாவின் போனிலிருந்து கூப்பிட்டேன், உன் போன் அணைந்திருக்கிறது என்று ஒருத்தி மூன்று மொழியில் சொன்னாள். சுனிலும் இரண்டு வாரமாகச் சாப்பிட வரவில்லை. அவன் தங்கும் விடுதியில் கேட்டால், "ஊரிகெள்ளாடு" என்கிறார்கள், ஊருக்குப் போய்விட்டானாம். ஊருக்கு என்றால் எந்த ஊருக்கு? உன்னிடமா?

உன் ஏப்ரல் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். பிரிட்ஜ் கதவில் இடம் என்று எழுதியிருக்கிறாய். எலிசபெத்தின் ஊசி மருந்து அந்தக் கதவில்தானே இருக்கும்? போன தடவை வந்தபோது நானே பார்த்தேன். அங்கே ஊறுகாய் எப்படி வந்தது?

எனக்கு உடனே எழுது. ஒரு வரி போதும்.

ஸ்டெல்லா


பொன்மலை, திருச்சி
2 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் எலிசபெத் வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

மார்ச் மாதமே அவளுக்கு ஊசி வெறுத்துப்போயிருந்தது. வயிற்றில் குத்த இடமில்லை, எங்கு தொட்டாலும் நீலம். அப்போதுதான் பஸ்ஸில் அந்தச் சூரணத்தைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன். "மதினியைக் கேளுங்க, அவங்க தள்ளியிருந்தா நான் தொடமாட்டேன்" என்றாள். அதனால்தான் உனக்கு எழுதினேன். யாருக்கென்று எழுதினால் நீ கோபப்படுவாய் என்று எழுதவில்லை. உன் பதில் வந்த அன்றைக்கே வாங்கினோம்.

மே நடுவில் செருப்பு கடித்துக் காலில் புண் வந்தது. ஆறவில்லை. டாக்டரிடம் போனபோது சர்க்கரை நானூற்று எண்பது. இருபத்தொரு நாள் ஆஸ்பத்திரி. இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அவ்வளவோடு போயிற்று என்று டாக்டர் சொல்கிறார், இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் பாதம் போயிருக்குமாம்.

சுனில் வந்து கூடவே இருந்தான். கம்பெனியில் சொல்லிவிட்டு வந்தானோ என்னவோ. ஒருநாள் பகல் முழுவதும் அம்மாவின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான். இந்த வயதில் அப்படி அழுவான் என்று நான் நினைக்கவில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை அக்கா. நீயும் எத்தனையைத்தான் பார்ப்பாய். சீட்டு இல்லையே என்று வாங்கினோம், அவ்வளவுதான்.

உன் தம்பி,
தேவசகாயம்


குகட்பள்ளி
10 ஜூலை 2024

அன்புள்ள எலிசபெத்துக்கு, மதினி எழுதுவது.

உன் கால் எப்படி இருக்கிறது? காயத்தை ஈரம் படாமல் வைத்துக்கொள்கிறாயா? உன்னை நினைத்து நான்கு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சூரணக்காரன் நாசமாகப் போவான். நாவற்கொட்டையையும் மண்ணையும் அரைத்து டப்பாவில் போட்டு விற்கிறவன், அதற்கு உரிமம் கொடுத்தவன், பஸ்ஸில் ஒட்ட இடம் கொடுத்தவன் எல்லோரும் ஒரே சாக்கில் கட்ட வேண்டியவர்கள். உன் டாக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு மாதம் ஊசி மருந்து வாங்க வராத நோயாளியை ஏனென்று ஒரு வார்த்தை கேட்டாரா? என் தம்பியைச் சொல்லவே வேண்டாம். யாருக்கென்று ஒரு சொல் எழுதியிருந்தால் நான் அன்றைக்கே ரயிலேறி வந்து டப்பாவைப் பிடுங்கியிருப்பேன். சும்மாதான் கேட்கிறேன் என்று எழுதினானே, சும்மா!

நேற்றும் இன்றும் பதினேழு பஸ் ஸ்டாப்புகளில் அந்தச் சூரணத்துக்குச் சீட்டு ஒட்டிவிட்டேன். யாதய்யா பசை வாளி தூக்கி வந்தார். சோதனை என்ற இடத்தில் உன் பெயரை எழுதவில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் சாப்பிட்டார் என்று மட்டும் எழுதினேன்.

என் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான விளம்பரங்களைப் பார்க்கிறவள் நான். அதில் இந்த ஒன்று கவனக்குறைவால் விட்டுப்போயிற்று. அதற்காக என்னை மன்னித்துக்கொள்.

உன் மதினி,
ஸ்டெல்லா


பொன்மலை, திருச்சி
24 ஜூலை 2024

அன்புள்ள மதினிக்கு, எலிசபெத் எழுதுவது.

உங்கள் முழங்கால் சுகமா? பசை வாளியோடு அலைந்ததில் வீங்கியிருக்கும், எண்ணெய் தடவுங்கள். விளம்பர எண்ணெய் வேண்டாம். என் காயம் காய்ந்துவிட்டது. அடுக்களைக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். ஊறுகாய்ப் பாட்டிலை இறக்கிவிட்டு ஊசி மருந்தைப் பழைய இடத்தில் வைத்தாயிற்று.

என் முட்டாள்தனத்துக்கு நான் யாரையும் கேட்கப் போவதில்லை. ஒரு டாக்டரைக் கேட்காமல் ஒரு அலமாரிக் கதவைக் கேட்டேன். காசு கொடுத்து ஏமாறுகிறவன்தான் பெரிய முட்டாள் என்று பிப்ரவரியில் எழுதினீர்கள். அதையும் கத்தரித்துக் கதவில் ஒட்டியிருக்கிறேன், என் கண் படுகிற உயரத்தில்.

ஆனால் மதினி, உங்கள் கடிதத்தை வாசித்ததும் கால் வலித்ததைவிட அதிகமாக வலித்தது. சுனில் ஆஸ்பத்திரியில் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வேலை போனதை, அந்த வரியை எழுதியதை, உங்களிடம் கெஞ்சியதை, நீங்கள் பசை தடவிவிட்டுத் திரும்பி வந்ததை. அவன் அந்த வேலையை விட்டுவிட்டான். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கப் போகிறான். அவனை நான் நன்றாக ஏசினேன், இரண்டு அறையும் கொடுத்தேன், பிறகு சோறு போட்டேன். உங்களுக்கும் அதே வரிசையில் செய்ய வேண்டும் என்று இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு இன்னும் எதுவும் தெரியாது. அக்கா எழுதியதால்தான் வாங்கினோம் என்று என்னிடம்கூட உங்களைக் குறை சொல்லாமல், யாருக்கென்று எழுதாமல் விட்டது தன் தப்புதான் என்று தன்னையே நொந்துகொண்டு திரிகிறார். அவரிடம் நான் சொல்லப்போவதில்லை. சுனிலையும் சொல்ல விடவில்லை.

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். சிவப்புத் தாள் இங்கே கிடைக்கவில்லை, கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். படிவம் சரியாக இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நிராகரிப்புச் சீட்டு
பொருள்: மதினியின் மன்னிப்புக் கடிதம், ஒன்று.
சொல்லிக்கொள்வது: கவனக்குறைவால் விட்டுப்போயிற்று.
சோதனை: பெற்ற மகனிடம் கேட்டது.
கண்டது: கவனமாகத்தான் விட்டிருக்கிறார்கள்.
முடிவு: ஏற்பதற்கில்லை. திருத்தி எழுதி, எழுதியவரே கொண்டுவந்து, தம்பிக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். தபாலில் வந்தால் வாங்கப்படாது. மீன்குழம்பு உண்டு.
பரிசோதகர்: எலிசபெத் தேவசகாயம். கால் விரல்கள் ஒன்பது.